தற்காலிகமாக ஒரு பூட் டிரைவ்

"பார்சல் வந்துச்சா, சாரதா?"

கண் விழித்ததும் சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வி இதுதான். கண் விழித்ததும் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்கு. கட்டில் இல்லை, கொட்டாவி இல்லை. டி.வி.க்கு மேலே அவரே ஆணி அடித்து, ஆணியோடு சேர்த்துக் கட்டைவிரலையும் அடித்து, மாட்டி வைத்த காமிரா வழியாக ஹால் தெரிந்தது. அலமாரியில் இருந்த ஸ்பீக்கர் வழியாக அவருடைய குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு. தள்ளுபடியில் வாங்கிய ஸ்பீக்கர் அப்படித்தான் பேசும்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு துள்ளல். வார்ப்பு வேலை செய்கிறது!

வார்ப்பு என்பது கோயமுத்தூர்க்காரர்கள் வைத்த பேர். ஒரு ஆளின் குரல், போட்டோ, ஈமெயில், வாட்ஸ்அப்பில் மச்சானோடு போட்ட சண்டை எல்லாவற்றையும் ஒரு மென்பொருளுக்குத் தின்னக் கொடுத்தால், அது அந்த ஆளை அப்படியே அச்செடுத்து, பேசுகிற மாதிரி கொடுத்துவிடும். ஃபவுண்டரிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதைப் பார்த்தால் வேறென்ன பேர் தோன்றும்? வசதியுள்ளவர்கள் கம்பெனிக்குச் சந்தா கட்டி, வார்ப்பை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். சென்னியப்பனுக்கு அது ஒத்துவரவில்லை. "செத்த பொறகும் வாடகை வீட்லயா இருக்கோணும்?" என்று கேட்டுவிட்டு, சொந்தமாக ஒரு சேமிப்பு சர்வரை வீட்டிலேயே கட்டினார். பம்ப்செட் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவிலேயே காலம் தள்ளிய மனுஷன். இதுகூடக் கட்டாவிட்டால் எப்படி?

பெட்டிக்குள் பழைய குரல், போட்டோ எல்லாம் வைக்க நாலு பெரிய ஹார்ட் டிஸ்க். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும்படி ஜோடி ஜோடியாகப் போட்டார். அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் பூட் டிரைவில். அதாவது, பெட்டியை ஆன் செய்தால் அது எதிலிருந்து விழித்துக்கொள்ள வேண்டுமோ, அந்தச் சின்ன டிஸ்க்; வார்ப்பும் அதன் புது ஞாபகங்களும் குடியிருப்பது அதில்தான். அதற்கு எதை வாங்குவது என்று ஒரு பொங்கலிலிருந்து அடுத்த பொங்கல் வரைக்கும் ஆராய்ந்தார். இணையத்தில் முகம் தெரியாத ஆட்களோடு மல்லுக்கு நின்றார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை விசாரிக்கவில்லை என்பது சாரதாமணியின் நிரந்தரக் குற்றச்சாட்டு. கடைசியில் ஒரு நல்ல எஸ்.எஸ்.டி.யை ஆர்டர் செய்தார். அது வந்து சேரும்வரை தற்காலிகமாக, கம்பெனி வெள்ளிவிழாவில் இலவசமாகக் கொடுத்த பென் டிரைவைச் செருகினார். நீல நிறத்தில், குட்டி மோட்டார் பம்ப் வடிவத்தில் இருக்கும். மாப்பிள்ளைத் தோழன் மணமேடையில் உட்கார்ந்த கதை.

பென் டிரைவில் ஓயாமல் எழுதினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் அதன் விலாவில் இருந்த சின்னப் பூட்டைத் தள்ளி, இனி யாரும் எதுவும் அதில் எழுத முடியாதபடி செய்தார். பகலில் நடப்பதெல்லாம் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி. கரண்ட் போனால் துடைத்துக்கொண்டு போய்விடும். பரவாயில்லை, ரெண்டு நாள்தானே, பார்சல் வந்துவிடும் என்று நினைத்தார்.

நம் ஊரில் தற்காலிகம் என்று வைத்தது எது போயிருக்கிறது? தற்காலிக பஸ் ஸ்டாண்டிலேயே பிறந்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்த பூனைகள் உண்டு.

"சாரதா, உன்னத்தான். பார்சல்?"

சாரதாமணி சோபாவில் உட்கார்ந்து, காமிராவைப் பார்த்தபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை, திருநீறு மட்டும். குளித்த அவசரத்தில் மறந்திருப்பாள். முன்தலையில் நரை பளபளத்தது. நேற்று இவ்வளவு இருந்ததா? காமிராவைச் சரியாக மாட்டவில்லை, வெளிச்சம் நேராக அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அவன் எங்க?" என்றார்.

"எவன்?"

"நான்தான். அசல் நான். வார்ப்பை ஓடவிட்டுட்டு எதுத்தாப்புல நாற்காலில உக்காந்து பாத்துட்டு இருக்கோணுமில்ல? பாத்ரூம் போயிருக்கானா?"

சாரதாமணி நாற்காலியைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். அதன் மேல் மடித்த துணிகள் அடுக்கியிருந்தன. அவசரத்துக்கு வைத்த துணிகள் அல்ல. அந்த நாற்காலி துணி வைப்பதற்கென்றே வாங்கியது போல, பழகிப்போன அடுக்கு.

தேதியைப் பார்த்தார். ஆயுத பூஜை என்று காட்டியது. வார்ப்பு எடுத்ததோ தை மாசம். வாசலில் கட்டிய பொங்கல் கரும்புத் தோகைகூட முழுசாகக் காயவில்லை.

"அட கெரகமே. பெட்டிக்குள்ள சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சாரதா. அது போயிருச்சு, தேதி தப்பாக் காட்டுது. அவனைக் கூப்ட்டு மாத்தச் சொல்லு."

சாரதாமணி டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். பள்ளிக்கூடத்தில் பேர் வாசிக்கிற டீச்சர் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"பேட்டரி போகலீங்க. நீங்கதான் போயிட்டீங்க."

பெட்டியின் ஃபேன் திடீரென்று வேகமெடுத்துச் சுற்றியது. இனிமேல் அவருக்கு மூச்சு வாங்குவது என்றால் அதுதான்.

"இப்ப 'எப்ப?'ன்னு கேப்பீங்க," என்றாள்.

"எப்ப?" என்று அவர் வாய் அதற்குள் கேட்டுவிட்டிருந்தது.

"வார்ப்பு எடுத்த அன்னிக்கு மத்தியானமே. அடுத்தது, 'வலிச்சுதா?' வலிக்கலீங்க. தயிர்ச்சோறு சாப்ட்டீங்க, படுத்தீங்க, எந்திரிக்கலை. இப்ப ஒரு ஜோக்கு சொல்வீங்க."

சென்னியப்பனுக்கு நிஜமாகவே ஒரு ஜோக் தயாராக இருந்தது. அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"என்ன ஜோக்கு?" என்றார் மெதுவாக.

"'அந்தத் தயிரு புளிச்சிருக்கும்னு அப்பவே நெனச்சேன்.'"

அதேதான். ஒரு வார்த்தை பிசகவில்லை. தன் வாய்க்குள் இருந்ததை இன்னொருத்தர் கைவிட்டு எடுத்துக் காட்டியது போல அவருக்குக் கூசியது. உடம்பில்லாமலே கூச முடிகிறது என்பதை, வேறு நாளாக இருந்தால், ஓர் ஆராய்ச்சி முடிவாகவே எழுதியிருப்பார்.

சமையல்கட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தோடு ஒரு பெண் வந்தாள். யார் இது என்று ஒரு கணம் விழித்தார். பிறகுதான் நடை பிடிபட்டது. மகள் தாரணி. பெங்களூரிலிருந்து பூஜைக்கு வந்திருக்கிறாள். கன்னம் ஒட்டி, கண்ணாடி போட்டு, ஆபீஸில் நாலு பேரை வேலை வாங்குகிற தோரணை வந்திருந்தது.

"அம்மா, சொல்லியாச்சா?" என்று கேட்டாள், தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி.

"ஆச்சு."

"எந்திரிச்சீங்களாப்பா? நேத்து ராத்திரி மழைல கரண்ட் போச்சு. யூ.பி.எஸ்.ஸும் வாயப் பொளந்துருச்சு. அதான் மறுபடியும் மொதல்ல இருந்து."

"மறுபடியும்னா? இது எத்தனாவது தடவை, அம்மிணி?"

தாரணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா காப்பி டம்ளரைப் பார்த்தாள்.

"நீங்க போயி நாலு ஆயுத பூஜை ஆச்சுங்க," என்றாள் சாரதாமணி. "கரண்ட் எத்தன தடவ போச்சுன்னு நான் எண்ணுலை. போற ஒவ்வொரு தடவையும் நீங்க அந்தக் காலைலதான் எந்திரிப்பீங்க. பார்சல் வந்துச்சான்னு கேப்பீங்க. நான் சொல்லுவேன்."

"வந்துச்சா?" என்று கேட்டபின்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடிக்க நாக்கு இல்லை.

"வந்துச்சு. மறுநா வந்துச்சு. வாசல்ல சாமியானா போட்டு, தப்பு அடிச்சிட்டிருக்காங்க, உங்களக் குளிப்பாட்டி உக்கார வெச்சிருக்கோம். கூட்டத்தத் தள்ளீட்டு ஒருத்தன் வர்றான். மாலை கொண்டு வர்றானாக்கும்னு எல்லாரும் வழி விடறாங்க. 'சென்னியப்பன் சார் இருக்காருங்களா, ஓ.டி.பி. சொல்லணும்'ங்கறான்."

தாரணி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"பணம் முன்னாடியே கட்டியாச்சு, திருப்பி எடுத்துட்டுப் போனா மறுபடி வராதுன்னு உங்க அண்ணன் சொல்லிப்போட்டாரு. ஓ.டி.பி. உங்க போன்ல. போனுக்கு உங்க விரல் ரேகை. என்ன பண்றது? போனக் கொண்டாந்து உங்க விரல எடுத்து…"

"தொறந்துச்சா?"

"தொறந்துச்சுங்க. சூடு இல்லாத விரலுக்குக் கூட அந்தக் கெரகம் தொறந்துச்சு."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. தன் கடைசிக் கையெழுத்து ஒரு பூட் டிரைவுக்கான ரசீது என்பது, யோசித்துப் பார்த்தால், தன் வாழ்க்கைக்குப் பொருத்தமான முடிவாகவே பட்டது.

"சரி, அழுதது போதும்," என்றார், யாரும் அழாத ஹாலில். "அப்ப அந்த எஸ்.எஸ்.டி. வந்திருக்குது. அதைப் போட்டா எல்லாம் ஞாபகம் இருக்குமே! எதுக்கு இன்னும் பம்ப்செட்டுல ஓட்டறீங்க?"

"அதுக்குத்தானப்பா இன்னிக்கு உங்களையே கேக்கலாம்னு எழுப்புனோம்," என்றாள் தாரணி. பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு கறுப்புப் பொருளை எடுத்துக் காமிரா முன்னால் நீட்டினாள். "சாயங்காலம் பூஜைக்குப் பெட்டிய எப்படியும் ஆஃப் பண்ணணும். நாளைக்கு விஜயதசமிக்கு ஆன் பண்றப்ப எதிலிருந்து எழுப்பறதுன்னு இன்னிக்கே முடிவு பண்ணிடலாம். இது புது ரகம். எழுத எழுதத் தேயாது. ஆஸ்பத்திரிகள்ல இதைத்தான் போடறாங்க. இப்ப இருக்கற உங்களையே, இந்தப் பேச்சு உட்பட, இதுல ஏத்திடலாம். இனி கரண்ட் போனாலும் நீங்க போகமாட்டீங்க."

அவருக்கு வாயெல்லாம் பல். இல்லாத வாய், இல்லாத பல். "என்ன வேகத்துல எழுதும்? சூடாகுமா? கரண்ட் திடீர்னு போனா, எழுதிட்டிருந்ததக் காப்பாத்தற கெபாசிட்டர் உள்ள இருக்குதா? இரு இரு, வேற எந்தெந்தக் கம்பெனில இதே ரகம் வருதுன்னு மொதல்ல ஒரு தடவை பாத்துட்டு…"

"அப்பா!"

"சரி சரி. போடு. இதுல ரோசனைக்கு என்ன இருக்குது?"

சாரதாமணி எழுந்தாள். டி.வி. மேஜையின் இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து, பொரித் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். அப்புறம் காமிராவுக்கு மறைக்காமல் விலகி நின்றாள்.

மூன்று எஸ்.எஸ்.டி.கள். ஒவ்வொன்றின் மேலும் காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவே குங்குமம். ஒன்றில் குங்குமம் கறுத்தே போயிருந்தது.

"இதெல்லாம் என்ன?"

"இதெல்லாம் நீங்கதானுங்க," என்றாள் சாரதாமணி.

மூன்று துண்டுகளும் கடைவீதிப் பிள்ளையார்கள் போலச் சாதுவாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் தான் இருந்தோம் என்பது சென்னியப்பனுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததாலேயே அவை செத்துப்போன மூன்று அண்ணன் தம்பிகள் போலத் தெரிந்தன. ஒரே முகம், ஒரே ஜோக், ஒரே தயிர்.

"மொதல்ல உங்க பார்சலத்தான் போட்டோம்," என்றாள் அவள். "நல்லாத்தான் இருந்தீங்க. அப்புறம் நான் கோயிலுக்குப் போயிட்டு வந்தா, ஏன் இத்தன நேரம்பீங்க. பால் வாங்கப் போனா, கதவத் தொறக்கற முன்னாடியே பேரச் சொல்லிக் கூப்புடுவீங்க. நான் இல்லாதப்ப என்ன பண்ணுவீங்கன்னு ஒரு நா கேட்டேன். 'கதவப் பாத்துட்டு இருப்பேன்'னீங்க. காமிராவச் சொவத்துப் பக்கம் திருப்பி வெக்கறதுக்கு மனசு வருலை. ஆடிக்குத் தாரணி ஊருக்குப் போயி பத்து நாள் இருந்துட்டு வந்தேன். பத்து நாளும் கதவப் பாத்திருக்கீங்க."

"அது தேஞ்சு போச்சுப்பா," என்றாள் தாரணி. "கவலப்படறதும் எழுதறதுதானே. பத்து வருஷம் வரும்னு போட்டிருந்தான். ஒரு வருஷம் தாங்கலை."

"கவலப்பட்டே டிஸ்க்கத் தேச்சிட்டனா!" என்றார் சென்னியப்பன். யாரும் சிரிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டார். "ரெண்டாவது ஆளு?"

"அவரு நல்ல மனுஷன். அவரே சொன்னாரு, 'எனக்கு அந்தக் காலையே போதும், சாரதா, அந்தப் பம்ப்செட்டையே எடுத்துச் செருகு'ன்னு. செருகினேன். பார்சல் வந்துச்சான்னு கேட்டீங்க. தாரணிதான் மனசு கேக்காம அடுத்த வருஷம் மூணாவத வாங்கியாந்தா."

"அவன் என்ன பண்ணினான்?"

தாரணி மூன்றாவது டிஸ்க்கைத் தட்டோடு ஒட்டி நகர்த்தினாள்.

"சொல்லுங்க. திருடினானா, குடிச்சானா?"

"பேசவே இல்லீங்க," என்றாள் சாரதாமணி. "மொத ரெண்டு வாரம் பேசினீங்க. அப்புறம் கம்முனு ஆயிட்டீங்க. ஆனா பெட்டில அந்தப் பச்சை லைட்டு ஓயாம மினுக்கிட்டே இருக்கும். எழுதிட்டே இருக்கீங்க. என்ன எழுதறீங்கன்னா, 'ஒண்ணுமில்ல'ம்பீங்க. ரெண்டு மாசம்கூட இல்ல, அதுவும் போச்சு."

"நான் தொறந்து பாத்தேன்ப்பா," என்றாள் தாரணி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினாள். "பூராவும் அம்மா. அம்மா பாத்திரம் கழுவற சத்தம். வெங்காயம் அரியற சத்தம். தும்மல். கொலுசு இல்லாத கால் எப்படி நடக்குதுங்கற சத்தம். ஒவ்வொண்ணயும் நூறு தடவ, ஆயிரம் தடவ, எங்க அழிஞ்சிருமோன்னு மறுபடி மறுபடி எழுதி வெச்சிருந்தீங்க. வேற எடம் பத்தாம உங்களையே அழிச்சு அதுக்கு மேல எழுதியிருந்தீங்க. கடைசில அதுல நீங்க இல்லவே இல்லப்பா. அம்மா பாத்திரம் கழுவற சத்தம் மட்டும்தான் இருந்துச்சு."

தன்னிடம் இப்படி ஒரு காரியம் ஒளிந்திருந்தது என்று, உயிரோடிருந்தவரைக்கும் யாரும் சென்னியப்பனிடம் சொல்லவில்லை. சாரதாமணி பாத்திரம் கழுவும்போது அவர் சொன்னதெல்லாம் 'நியூஸ் கேக்குது, கொஞ்சம் மெதுவாக் கழுவு' என்பதுதான்.

"அதை இவ சொன்னதுக்கு அப்புறம்," என்றாள் சாரதாமணி, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "நான் சத்தமில்லாமப் பாத்திரம் கழுவக் கத்துக்கிட்டேனுங்க. ஒரு கரண்டியக்கூடப் பாத்துப் பாத்துதான் வெப்பேன். தும்மல் வந்தா பால்கனிக்குப் போயிருவேன். எங்கூட்டுல நானே திருட்டுப் பூனையாட்டம்."

"அம்மா, அது சின்ன டிஸ்க். அதான் எடம் பத்தல," என்று தாரணி அவசரமாகச் சொன்னாள். "இது அப்படியில்ல. எவ்வளவு எழுதினாலும் தாங்கும். நூறு வருஷம்."

"நூறு வருஷமா?"

சாரதாமணி அதைக் கேட்ட விதத்தில் தாரணியின் கை தானாகத் தாழ்ந்தது.

"எனக்கு இப்பவே அறுவது தாண்டியாச்சு, கண்ணு. நானும் போயிருவேன். நீ இந்த ஃபிளாட்ட வித்தாலும் பெட்டிய வீச மாட்ட, எனக்குத் தெரியும், உன்ற வீட்ல ஒரு மூலைல வெச்சிருப்ப. அப்ப அவரு எந்தக் கதவப் பாத்துட்டு இருப்பாரு? நூறு வருஷம்?"

ஆயுத பூஜைக்குக் கீழ்த்தளத்தில் யாரோ காருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். சத்தம் ஹால்வரைக்கும் ஏறி வந்தது. சென்னியப்பன் அதை எழுதி வைக்க வேண்டும் போல ஒரு நமைச்சலை உணர்ந்தார். இப்போதுதான் தெரிந்துகொண்ட விஷயம் இப்போதே தனக்குள் ஊறுவதைக் கண்டு பயந்தார்.

"அது வேண்டாம், அம்மிணி. உள்ள வை," என்றார்.

"அப்ப?"

"சாரதா," என்றார், "உனக்கு என்ன வேணும்?"

சாரதாமணி நிமிர்ந்து பார்த்தாள். நாலு பூஜைகளில், எண்ணாத அத்தனை விழிப்புகளில், இந்தக் கேள்வி ஒரு தடவைகூட வந்ததில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"ஆஃப் பண்ணியே போட்டுருன்னா, போட்டுரு. எனக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல."

"அது முடியாதுங்க. கரண்ட் போயி நீங்க அணைஞ்சு கெடக்கற அன்னிக்கு எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நான்தான் ஓடிப்போயி பட்டன அமுக்கறேன். ஆனா அமுக்கிட்டு வந்து உக்காந்தா அதே கேள்விதான். ஒவ்வொரு தடவையும் நான் சொல்லோணும், நீங்க போயிட்டீங்கன்னு. ஒவ்வொரு தடவையும் நீங்க அதைப் புதுசாக் கேக்கறீங்க. நான் அன்னிக்குத்தான் தாலி எறக்கின மாதிரி…" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எடுத்துவிட்டுச் சொன்னாள். "நீங்க மறக்கறது எனக்குக் கஷ்டமே இல்லீங்க. கல்யாணம் ஆனதுல இருந்து பழக்கம். நான் சொல்லாம இருந்தாப் போதும்."

சென்னியப்பன் யோசித்தார். தன் வாழ்நாளில் பூட் டிரைவ் விஷயத்தில் இத்தனை சீக்கிரம் முடிவுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"தாரணி, பம்ப்செட்டோட விலாவுல ஒரு பூட்டு இருக்கும், பாத்தியா? அதை ஒரே ஒரு நிமிஷம் தொற. ஒரே ஒரு வரி. நான் எந்திரிச்சதும் மொதல்ல என் மண்டைல இருக்கற மாதிரி எழுதிட்டு, மறுபடி பூட்டிரு. நாளைக்கு வர்ற ஆளுக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரிய வேண்டாம். டிஸ்க்கு, கதவு, பாத்திரச் சத்தம், எதுவும். அந்த ஒரு வரி போதும். உங்கம்மா சொல்ல வேண்டியதில்ல."

தாரணி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொண்டை ஊசியால் பூட்டைத் தள்ளினாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கப்பா," என்றாள்.

"எழுதிக்கோ. 'சென்னியப்பா, நீ இப்போது உயிரோடு இல்லை என்பதை…' இல்ல இல்ல, அழி. கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்குது. 'அன்புள்ள எனக்கு…' அழி. 'பதறாதே'ன்னு ஆரம்பிக்கலாமா? பதறாதேன்னு சொன்னா எவனும் பதறுவான். இரு. மொதல்ல நல்ல விஷயம், பார்சல் வந்ததச் சொல்லிட்டு…"

பொரியில் நாட்டுச் சர்க்கரை கலந்தாயிற்று. சுண்டல் தாளித்தாயிற்று. ஜன்னலில் வெயில் சாய்ந்தது. சென்னியப்பன் மூன்று மாதிரிகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் சாதக பாதகங்களையும் விளக்கிக்கொண்டிருந்தார். தாரணி லேப்டாப் மேல் முகவாயை வைத்துவிட்டாள்.

"நகரு, கண்ணு," என்றாள் சாரதாமணி. "இவரு வரி எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆயுத பூஜை வந்துரும். பேசினா எழுதிக்குமா?"

"எழுதிக்கும்மா. இந்த மைக்ல."

சாரதாமணி முட்டி வலிக்கு ஒரு கையை ஊன்றித் தரையில் உட்கார்ந்தாள். பெட்டிக்கு மிக அருகில், மூடி வைத்த அடுப்பில் சூடு இருக்கிறதா என்று பார்ப்பவள் போலக் குனிந்தாள். சொன்னாள். மெதுவாக, நாலே வாக்கியம். தாரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரியா இருக்குதுங்களா?" என்று சாரதாமணி காமிராவைக் கேட்டாள்.

ஃபேன் வேகமெடுத்து, நிதானித்தது.

"ஒரு திருத்தம்கூட இல்ல," என்றார் சென்னியப்பன்.

தாரணி பூட்டைத் தள்ளினாள். பெட்டியின் நெற்றியில் சாரதாமணி சந்தனம் பூசினாள், மகள் குங்குமம் வைத்தாள். மூன்று பழைய டிஸ்க்குகளுக்கும் ஒரு புதுப் பொட்டு கிடைத்தது. கற்பூரத்தின் வெளிச்சத்தில் காமிராவுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது.

"சாரதா," என்றார், "பயமா இருக்குது."

"ஒவ்வொரு பூஜைக்கும் சொல்றதுதான். அமுக்கினா ஒண்ணும் தெரியாதுங்க," என்று அவள் பட்டனை அமுக்கினாள்.

விஜயதசமிக் காலை. கட்டில் இல்லை, கொட்டாவி இல்லை. ஹால் தெரிந்தது. பொரித் தட்டு, வாடிய வாழைக்கன்று. சாரதாமணி சோபாவில் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். டம்ளரை உதட்டருகே கொண்டுபோய், குடிக்காமல் பிடித்திருந்தாள்.

சென்னியப்பனுக்கு ஒரு துள்ளல் வந்தது. வார்ப்பு வேலை செய்கிறது! 'பார்சல் வந்துச்சா' என்று கேட்க வாயெடுத்தார்.

அதற்கு முன்பே உள்ளே யாரோ பேசியிருந்தார்கள். எப்போது பேசினார்கள் என்று தெரியவில்லை. பிறக்கும்போதே காதில் விழுந்தது போல, பெயரைப் போல, அது அங்கே இருந்தது. அவள் குரல்தான்.

*ஏனுங்க, நீங்க போயாச்சு. வலிக்கலை. பார்சல் வந்தாச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன், என்னய ஒண்ணுங் கேக்காம சும்மா பேசிட்டு இருங்க.*

ஃபேன் வேகமெடுத்தது. வெகுநேரம் சுற்றியது. நாற்காலியில் இருந்த துணிகளைப் பார்த்தார். அவளுடைய நரையைப் பார்த்தார். திருநீற்றைப் பார்த்தார். இந்தத் தடவை வெளிச்சத்தின் மேல் பழி போடவில்லை.

"காப்பி ஆறுது பாரு," என்றார்.

சாரதாமணி டம்ளரை உதட்டிலிருந்து இறக்கினாள். "வேற ஒண்ணும் கேக்கலீங்களா?"

"வேற என்ன? சர்க்கரை கம்மியாப் போட்டியா?"

"கம்மியாத்தானுங்க போட்டேன்."

"பொய் சொல்ற."

அவள் சிரித்துவிட்டாள். காப்பியை ஒரே மூச்சில் குடித்தாள். சமையல்கட்டுக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு டம்ளரும் தட்டும், இட்லிக் குண்டாவும் அதன் மூடியும், தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உருண்டு, மோதி, வீடே அதிர்ந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்த மாதிரி ஒரு கலவரம். நடுவே ஒரு பெரிய தும்மல்.

இந்தக் காலையில் என்னத்துக்கு இத்தனை சத்தம் என்று சென்னியப்பனுக்குப் புரியவில்லை. நியூஸ்கூடக் கேட்க முடியாது போலிருக்கிறதே.

மெதுவாகக் கழுவச் சொல்லலாமா என்று யோசித்தார். சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே மேற்கில் இடி உருண்டது. அலமாரியில் யூ.பி.எஸ். ஒரு தடவை 'கீ' என்றது.